தொப்பிக்குள்ள ஒரு கல்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் யூட்டால லீஹைங்கற ஊர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பாக்கறேன், வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊர் பேரே மார்மன் மதத்து வேதமான மார்மன் புத்தகத்துல வர்ற ஒரு தீர்க்கதரிசியோட பேருன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. எங்க ஆபீஸ்ல பாதிக்கு மேல மார்மன்கள்தான், அவங்க மதத்துல காபி கூடாது, அதனால காபி மெஷின் கிட்ட கூட்டமே இருக்காது. நல்ல மனுஷங்க சார், நான் வீடு மாறினப்ப கேக்காமலேயே எட்டு பேர் வந்து சோபா தூக்கினாங்க.

என் டீம்ல ஒருத்தர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், அஞ்சு பிள்ளைங்க, சின்ன வயசுல பிலிப்பைன்ஸ்ல ரெண்டு வருஷம் மிஷன் போய் ஊழியம் பண்ணவரு. போன மாசம் லஞ்ச்ல சாண்ட்விச்சைக் கையில வெச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருந்தவரு திடீர்னு, "நான் வீடு வீடா போய் ஜனங்ககிட்ட ஒரு படத்தைக் காட்டி பொய் சொல்லியிருக்கேன்"னாரு. அவங்க மதத்தைத் தொடங்கின ஜோசப் ஸ்மித், மார்மன் புத்தகத்தோட மூலம்னு சொல்ற தங்கத் தகடுகளை மேஜைல திறந்து வெச்சு விரலால வரி வரியா தொட்டுப் படிக்கிற மாதிரி படமாம். ஆனா நடந்தது அப்படி இல்லையாம், ஒரு கல்லைத் தொப்பிக்குள்ள போட்டு அதுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு அவரு சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினாங்களாம். இதை விரோதிங்க சொல்லல, சபையே எழுதி வெச்சிருக்குன்னாரு. அதுக்கப்புறம் பாப்பிரஸ்ங்கற பழைய எகிப்துக் காகிதம், ஜோசப்புக்கு முப்பது நாப்பது பொண்டாட்டின்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனாரு. வீட்டுல அவர் சம்சாரத்துக்கு இன்னும் தெரியாது. அக்டோபர்ல மூத்த பொண்ணுக்கு டெம்பிள்ல கல்யாணம்.

கடைசியா, "உங்க ஊர்ல எத்தனை சாமி எத்தனை கதை, நீங்கல்லாம் இதை எப்படி சமாளிக்கிறீங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் வரல. உண்மையச் சொல்லணும்னா, இஞ்சினியரிங் படிச்ச ஆளு தொப்பிக்குள்ள கல்லை எப்படி சார் நம்பினாருன்னு உள்ளுக்குள்ள சிரிப்புத்தான் வந்துச்சு. நெட்ல தேடி நிறைய லிங்க் சேத்து வெச்சிருக்கேன், அவருக்கு அனுப்பலாமா? இந்தக் கதையெல்லாம் நிஜமா என்ன?

– கே., லீஹை

அன்புள்ள கே.,

லிங்க் எதையும் அனுப்பாதீங்க. ஏன்னு கடைசில சொல்றேன்.

மொதல்ல அந்தச் சிரிப்பு. அந்த மனுஷன் தொப்பிக்குள்ள இருந்த கல்லை நம்பவே இல்ல கே., அதை கவனிச்சீங்களா? அவருக்குக் காட்டினது மேஜையும் தகடும் விரலும். அவர் நம்பினது அந்தப் படத்தைத்தான். இப்ப கல்லுன்னு தெரிஞ்சதும் உடைஞ்சு போயிருக்காரு. மார்மன்கள் சந்தேகப்படறதைப் பத்தி நான் படிச்சது, பேசினது எல்லாத்துலயும் இதே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருது, விஷயம் வினோதமா இருக்குங்கறதை விட, வேற மாதிரி சொல்லிக் குடுத்திருக்காங்களேங்கறதுதான் ஆளை அடிக்குது.

அந்தக் கல்லையே எடுத்துப்போம். 1820கள்ல நியூயார்க் மாகாணத்தோட மேற்குப் பக்கம் பண்ணை ஜனங்களுக்கு புதையல் பைத்தியம் இருந்துச்சு. நம்மூர்ல மை போட்டுப் பாத்து புதையல் சொல்றவங்க இருந்தாங்க இல்ல, அதே தொழில், அங்க மைக்கு பதில் கல்லு. ஜோசப் ஸ்மித் பால்மைரா பக்கம் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பையன், கல்லைத் தொப்பில போட்டு வெளிச்சம் படாம மூடிப் பாத்தா பூமிக்கடியில இருக்கறது தெரியும்னு பேர் வாங்கினவரு. ஒரு விவசாயி வெள்ளிச் சுரங்கம் தேட அவரைக் கூலிக்கு வெச்சுக்கிட்டாரு, அதுல வந்த புகார்ல 1826ல கோர்ட்ல நிக்க வேண்டி வந்துச்சு. அந்த நீதிபதி எழுதின செலவுச் சீட்டு 1971ல கிடைச்சது, அதுல அவரை 'கிளாஸ் லுக்கர்', அதாவது கல் பாக்கறவன்னே குறிச்சிருக்கு. இதெல்லாம் ஜோசப் தங்கத் தகடு கையில கிடைச்சதுன்னு சொன்ன 1827க்கு முந்தின வருஷம்.

அதே கல்லு, அதே தொப்பி மார்மன் புத்தகத்துக்கும் வந்துச்சு. இதைச் சொன்னது யாரு தெரியுமா? அவரோட சொந்த மனைவி எம்மா. 1879ல, சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தன் மகன்கிட்டயே சொல்லியிருக்காங்க, மணிக்கணக்கா அவர் தொப்பிக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்வாரு, நான் பக்கத்துல உக்காந்து எழுதுவேன், தகடுகள் ஒரு சின்ன மேஜைத்துணில சுத்தி மேஜைமேல இருக்கும்னு. இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. எம்மா இதைக் குறையா சொல்லல! எழுதி வெச்சதைப் பாத்துப் படிக்கவே இல்ல, ஒரு நல்ல லெட்டர் கூட சொல்லி எழுத வைக்கத் தெரியாத மனுஷன் இப்படிச் சொன்னாருன்னா அது தெய்வச் செயல்தான்னு அவங்க ஆதாரமா சொன்னாங்க. கண்ணால பாத்தவங்களுக்குத் தொப்பி கூச்சமாவே இல்ல. பின்னாடி கோட்டு சூட்டு போட்டு மரியாதையான அமெரிக்க மதமா ஆனவங்களுக்குத்தான் அது கூச்சமாச்சு, அதனாலதான் ஓவியத்துல தொப்பி காணாமப் போச்சு.

மறைக்கவே இல்லைன்னு வாதாடறவங்களும் இருக்காங்க, அவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. 1993ல சபையோட சொந்தப் பத்திரிகைல ரசல் நெல்சன், பின்னாடி சபைக்கே தலைவரானவரு, தொப்பியைப் பத்தின சாட்சியை எடுத்துப் போட்டு எழுதியிருக்காரு. ஆனா கே., ஒரு பத்திரிகைல ஒரு பாரா, ஞாயிறு வகுப்புல, மிஷன்ல, சுவத்துல எல்லா இடத்துலயும் தகடும் விரலும்னா பிள்ளைங்க மனசுல எது நிக்கும்? 2013 கடைசிலதான் சபை இதை விளக்கமா எழுதிப் போட்டுச்சு, 2015ல கல்லோட போட்டோவையே வெளியிட்டாங்க. நான் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பாத்திருக்கேன். சாக்லேட் கலர், கோழிமுட்டை மாதிரி வடிவம், மேல வரி வரியா ஓடுது, பக்கத்துல அதை வெச்சிருந்த ஒரு சின்னத் தோல் பை. ஆத்தங்கரைல கிடந்தா நீங்களும் நானும் எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குவோம், அவ்வளவு அழகா இருக்கு. அதை வெச்சுக்கிட்டு ரெண்டு நூற்றாண்டு அல்லாடணுமா?

நீங்க கேட்ட பாப்பிரஸ் வேற லெவல். கல்லு விஷயத்துல நம்பலாம் நம்பாம இருக்கலாம், ஏன்னா தகடு யார்கிட்டயும் இல்ல, தேவதூதன் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாருன்னு கதை, சோதிச்சுப் பாக்க வழியே கிடையாது. எகிப்து விஷயத்துல மூலம் கையில இருக்கு. 1835ல ஒருத்தர் மம்மிகளை ஊர் ஊரா காட்சிக்குக் கொண்டு வந்தாரு, ஒஹையோல கிர்ட்லண்ட்ல மார்மன்கள் நாலு மம்மியையும் கூட இருந்த பாப்பிரஸ் சுருள்களையும் 2400 டாலருக்கு வாங்கினாங்க. அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய காசு! ஜோசப் பாத்துட்டு இதுல பைபிள்ல வர்ற ஆபிரகாம் தன் கையாலயே எழுதினது இருக்குன்னு சொல்லி மொழிபெயர்க்க ஆரம்பிச்சாரு, 1842ல அச்சுல வந்துச்சு, பின்னாடி அது வேதத்துலயே சேந்துடுச்சு. ஐரோப்பால சாம்போலியோன் எகிப்து எழுத்தை உடைச்சு அப்பதான் கொஞ்ச வருஷம் ஆகியிருந்துச்சு, அமெரிக்கால அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளே இல்ல, யாரும் மறுத்துச் சொல்ல முடியாது.

ஜோசப் செத்தப்புறம் சுருள்கள் கை மாறி கை மாறி, சிகாகோ தீயில 1871ல எரிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா 1966ல அசீஸ் அதியாங்கற எகிப்துப் பேராசிரியர் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல வேற எதையோ தேடிக்கிட்டு இருந்தப்ப சில துண்டுகள் கண்ணுல பட்டுச்சு, 1967ல மியூசியம் அதை சபைக்கே குடுத்துடுச்சு. துண்டுகளை ஒரு தாளு மேல ஒட்டியிருந்தாங்க, அந்தத் தாளோட பின்பக்கம் கிர்ட்லண்ட் பக்கத்து நில வரைபடமும் ஒரு கோயிலோட வரைபடமும். அதாவது சந்தேகமே இல்ல, இது அவங்க சுருள்தான். முன்பக்கம், கட்டில்ல ஒருத்தர் படுத்திருக்க பக்கத்துல ஒருத்தர் நிக்கிற படம். நிக்கிறவரோட தலை இருக்க வேண்டிய இடத்துல பாப்பிரஸ் கிழிஞ்சு போயிருக்கு, ஒட்டின தாளு மேல யாரோ மனுஷத் தலையைக் கோடு போட்டு நிரப்பியிருக்காங்க. புத்தகத்துல அச்சானப்ப அது கத்தியோட நிக்கிற பூசாரி ஆபிரகாமை பலி குடுக்கப் போற காட்சி. எகிப்து எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க பாத்துச் சொன்னது: படுத்திருக்கறது செத்தவரு, நிக்கிறது நரித்தலை உள்ள எகிப்து தெய்வம் அனுபிஸ். ஹோருன்னு ஒரு பூசாரியோட கூட வெச்சுப் புதைச்ச மந்திரச் சீட்டு, செத்தவர் மறு உலகத்துல மூச்சு விடறதுக்காக எழுதினது. ஆபிரகாம் காலம்னு சொல்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிந்தினது. இன்னொரு படத்துல ஒரு உருவத்தைக் காட்டி இது பார்வோன் ராஜா, தலைக்கு மேல பேரே எழுதியிருக்குன்னு ஜோசப் குறிப்பு போட்டாரு. அங்க எழுதியிருக்கற பேரு ஐசிஸ். பொம்பள தெய்வம்.

2014ல சபை இதுக்கு எழுதின விளக்கத்துல, கிடைச்ச துண்டுகள்ல இருக்கற எழுத்துல ஆபிரகாம் பேரே இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. காணாமப் போன சுருள்ல இருந்திருக்கலாம், இல்லைன்னா பாப்பிரஸ் ஒரு தூண்டுதலா மட்டும் இருந்து வெளிப்பாடு வேற வழியில வந்திருக்கலாம்னு ரெண்டு வழி காட்டறாங்க. ரெண்டாவது வழி எனக்கு மழுப்பலாத்தான் படுது. அந்தப் புத்தகத்தோட தலைப்புலயே ஆபிரகாம் தன் கையால பாப்பிரஸ்ல எழுதினதுன்னு போட்டுட்டு அப்புறம் தூண்டுதல்னா எப்படி? என்னைக் கேட்டா, மத்ததெல்லாம் விவாதம், இந்த ஒண்ணு தீர்ப்பு. ஜோசப் மொழிபெயர்ப்பாளர்ங்கற கோரிக்கையைத் தொட்டுச் சோதிக்க முடிஞ்ச இடம் இது, இங்க அது நிக்கல.

பல கல்யாணம் விஷயத்தை நீட்ட வேண்டாம். 30ல இருந்து 40 வரைன்னு 2014ல சபையே எழுதிடுச்சு, அதுல ஒரு பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு நிறைய சில மாசம் பாக்கி, சிலர் ஏற்கனவே புருஷன் இருந்தவங்க. என்னை உறுத்தறது அதை மறுத்த விதம். 1850ல பிரான்ஸ்ல நடந்த ஒரு பகிரங்க விவாதத்துல ஜான் டெய்லர், பின்னாடி மூணாவது தலைவரானவரு, அப்படி எதுவும் கிடையாதுன்னு அடிச்சுப் பேசினாரு, அப்ப அவருக்கே பல மனைவிகள். ரெண்டு வருஷம் கழிச்சு 1852 ஆகஸ்ட்ல சால்ட் லேக் சிட்டில கூட்டம் போட்டு ஆமா உண்டுன்னு அறிவிச்சாங்க. அதே கூட்டத்துலதான் இந்தியாவுக்கும் ஊழியக்காரங்களை நியமிச்சாங்க, அடுத்த வருஷம் ரிச்சர்ட் பாலன்டைன்ங்கறவரு நம்ம மெட்ராஸ்லயே வந்து இறங்கி பிரசங்கம் பண்ணாரு. பெருசா ஒண்ணும் ஒட்டல. பாவம், கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள அவருக்கு முன்னாடி பல மனைவி விஷயம் பேப்பர்ல வந்து சேர்ற மாதிரி ஒரு நியமனம்!

கறுப்பினத்தவங்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைல சடங்கு நடத்தற பதவி, கிடையாதுன்னு 1852ல ரெண்டாவது தலைவர் பிரிகாம் யங் சொன்னது 1978 வரைக்கும் நடந்துச்சு, அதுக்குச் சொன்ன காரணங்களை எல்லாம் இப்ப சபையே கைகழுவிடுச்சு. இது உங்க நண்பரோட அப்பா அம்மா பக்தியோட நம்பின விஷயம், அவங்ககிட்ட அவர் எப்படிப் பேசுவாருன்னு யோசிச்சுப் பாருங்க.

அவர் உங்ககிட்ட கேட்ட கேள்வி நல்ல கேள்வி, நீங்க திணறினதுல ஆச்சரியமே இல்ல. நம்ம தல புராணத்துல ஆயிரம் அதிசயம் இருக்கு, ஆனா அது நடந்துச்சா இல்லையாங்கறதுல யாரும் தன் வாழ்க்கையைப் பந்தயம் கட்டறதில்ல, கட்டினாலும் சோதிக்க ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இவங்க மதம் பிறந்தப்ப பக்கத்துலயே பிரஸ் ஓடுது, கோர்ட் ரெக்கார்ட் இருக்கு, விரோதிங்க பத்திரிகை நடத்தறாங்க, ஆளாளுக்கு டைரி எழுதறாங்க. போதாக்குறைக்கு அப்ப இவங்க தலைவரா இருந்த ஹிங்க்லி 2003ல மேடையிலயே சொன்னாரு, ஒண்ணு இந்தச் சபை உண்மை, இல்லைன்னா மோசடி, நடுவுல ஒண்ணும் கிடையாதுன்னு. அப்படிச் சொல்லி வளத்த பிள்ளைங்க ஒரு பாப்பிரஸ் துண்டைப் பாத்ததும் எங்க போய் நிப்பாங்க? நடுவுல நிக்க இடத்தை அவரே எடுத்துட்டாரே.

இப்ப லிங்க் விஷயத்துக்கு வர்றேன். 1980கள்ல சால்ட் லேக்ல மார்க் ஹாஃப்மன்னு ஒரு பழைய பத்திர வியாபாரி இருந்தான். ஆரம்பகால சீடர் மார்ட்டின் ஹாரிஸ் 1830ல எழுதினதா ஒரு லெட்டரைக் கொண்டு வந்தான், அதுல ஜோசப்புக்குத் தகடு குடுக்க வந்தது தேவதூதன் இல்ல, ஒரு வெள்ளைப் பல்லி மாதிரி ஜந்து ஆவியா மாறி வந்துச்சுன்னு இருந்துச்சு. பெரிய நிபுணர்களே நிஜம்னாங்க, சபைத் தலைவர்களே அவன்கிட்ட வேற பத்திரங்கள் வாங்கினாங்க, சபைக்காரங்க அதுக்கும் சமாதானம் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மார்மன் சபையை வாழ்நாள் பூரா எதிர்த்து அச்சடிச்சவரு ஜெரால்ட் டேனர், அவரும் சபைல பிறந்து வெளிய வந்தவருதான், அவருக்கு இது லட்டு மாதிரி ஆதாரம். ஆனா முதல் முதல்ல இது போலின்னு பகிரங்கமா எழுதினவங்கள்ல அவர் ஒருத்தரு! தன் கட்சிக்கு இவ்வளவு வசதியா ஒண்ணு வந்து விழுதேன்னு அவருக்கு உறுத்தியிருக்கு. அவர் சொன்னதுதான் சரி. மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஹாஃப்மன் 1985 அக்டோபர்ல குண்டு வெச்சு ரெண்டு பேரைக் கொன்னான், மறுநாள் இன்னொரு குண்டு அவன் கார்லயே வெடிச்சுச்சு. ஆயுள் தண்டனை.

பல்லி போலி. தொப்பி நிஜம். அந்தக் காலத்துல சாதாரண சபைக்காரர்கிட்ட ரெண்டையும் சொல்லியிருந்தா ரெண்டுமே விரோதி கட்டின கதைன்னுதான் சொல்லியிருப்பாரு. உங்க லிங்க்ல எத்தனை பல்லி, எத்தனை தொப்பின்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் எல்லாத்தையும் பாக்காம தெரியாது. அவர் முப்பது வருஷம் படிச்ச புத்தகம் அது, நீங்க ரெண்டு வாரம் கூகுள் பண்ணியிருக்கீங்க. சபையே ஜோசப்போட காகிதங்களை வால்யூம் வால்யூமா அச்சுப் போட்டு வெச்சிருக்கு, அவருக்கு வேணும்னா அதுலயே எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு. சந்தேகம் வந்தா வெளிய போயே ஆகணும்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. தாமஸ் ஃபெர்குசன்னு ஒரு கலிஃபோர்னியா வக்கீல், பழங்கால அமெரிக்கால இருந்ததா மார்மன் புத்தகம் சொல்ற நகரங்களை மெக்சிகோல தோண்டி எடுத்துக் காட்டறேன்னு 1952ல ஒரு தொல்லியல் அமைப்பே ஆரம்பிச்சாரு. பழங்கால மக்களைப் பத்தி நல்ல ஆராய்ச்சியெல்லாம் வந்துச்சு, ஆனா அவர் தேடின குதிரை, கோதுமை, இரும்பு எதுவும் வரல. பாப்பிரஸ் கிடைச்சதும் எகிப்து எழுத்து தெரிஞ்சவங்ககிட்ட போட்டோவைக் குடுத்துப் படிக்கச் சொல்லி அதுலயும் நொந்தாரு. மனசுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு, லெட்டர்ல நண்பர்களுக்கு எழுதியும் இருக்காரு, ஆனா சாகற வரைக்கும் சபைக்குப் போய்க்கிட்டேதான் இருந்தாரு. இன்னொரு பக்கம் ரிச்சர்ட் புஷ்மன், ஜோசப்போட பெரிய வாழ்க்கை வரலாறு 2005ல எழுதினவரு, கல்லு, தொப்பி, புதையல், மனைவிகள் எல்லாத்தையும் எழுதிட்டு இன்னும் விசுவாசியாவே இருக்காரு. எனக்கு அவர் மனசு பிடிபடல, ஆனா அவர் எதையும் ஒளிக்கல. ஃபெர்குசன் பண்ணது கோழைத்தனம்னு சொல்றவங்க உண்டு. பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் அதே கூரைக்கடியில இருக்கறப்ப கூரையைப் பிரிக்கறது எப்படின்னு அவங்க சொல்லட்டும்.

ஏன்னா உங்க நண்பரோட இப்பத்தைய சிக்கல் 1835 இல்ல, அக்டோபர். டெம்பிள்ல நடக்கற கல்யாணம் சாவுக்கப்புறமும் நீடிக்கும்னு அவங்க நம்பிக்கை, அவர் சம்சாரத்துக்கு அவர் சந்தேகம் தெரிஞ்சா இந்த ஜென்மத்துச் சண்டையோட முடியாது, மறு உலகத்துல இவர் இருப்பாரான்னு அவங்க அழுவாங்க. அந்தக் கல்யாணத்தைப் பாக்க உள்ள போறதுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேணும், அதுக்கு பிஷப் முன்னாடி உக்காந்து சபை மேல விசுவாசம் இருக்கா, தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, முழுசா குடுக்கறீங்களான்னு கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். மனசறிஞ்சு ஆமான்னு சொல்லிட்டு உள்ள போகலாம், இல்லைன்னா பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு அப்பா வெளிய நிக்கணும். 2019ல இருந்து, வெளிய ஒரு சாதாரண கல்யாணம் வெச்சுட்டு உடனே டெம்பிளுக்குப் போகலாம், முன்னாடி மாதிரி அமெரிக்கால ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்ல. இது அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், ஆனா அதைக் கேட்டா ஏன்னு கேப்பாங்க, ஏன்னு சொன்னா எல்லாம் வெளிய வந்துடும்.

அவர் உங்ககிட்ட ஏன் சொன்னாருன்னு நினைக்கிறீங்க? அந்த ஊர்ல அவருக்குத் தெரிஞ்சவங்கள்ல இதைக் கேட்டுட்டு பிஷப்கிட்டயோ மச்சான்கிட்டயோ போய்ச் சொல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். அதனால மறுபடியும் லஞ்சுக்குக் கூப்பிடுங்க, பேசினா கேளுங்க, பேசலைன்னா கிரிக்கெட் விளக்குங்க. பாப்பிரஸைப் பத்தி அவரா எடுத்தா அந்தப் போட்டோவை ரெண்டு பேரும் சேந்து பாருங்க, பின்பக்கத்தையும் பாருங்க.

கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடுவாரு, நீங்க சபைல இல்லாததால உங்களையும் உள்ள விட மாட்டாங்க, சடங்கு முடியற வரைக்கும் வெளியதான் நிக்கணும். அன்னிக்கு அவர் உள்ள போறாரா வெளிய நிக்கறாரான்னு அவர் முடிவு பண்ணட்டும். வெளிய நின்னா பக்கத்துல போய் நில்லுங்க. அக்டோபர்ல அங்க காலைல நல்லா குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கிட்டுப் போங்க.